வாசகர் கேள்வி: பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி டேங்கர் ஓட்டப் போகலாமா?

பதில்: தொழில்நல மருத்துவர்

கடிதம் எழுதியவருக்கு வயது 47. இருபத்தாறு வயதில் டேங்கர் லாரியில் ஏறி ஒன்பது வருடம் ஓட்டியவர். பெட்ரோல், டீசல்தான் பெரும்பாலும். எல்லாம் உள்ளே அறை அறையாகப் பிரித்த வண்டிகள். மகள் பிறந்ததும் இறங்கிவிட்டார். பிறகு பன்னிரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. இப்போது அங்கே ஆட்குறைப்பு. பழைய சகா ஒருவர் கூப்பிட்டு, இரண்டு இடத்தில் டேங்கருக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஒன்று எரிபொருள், இன்னொன்று பால்.

"பெட்ரோல் என்றால் இப்போது பயமாக இருக்கிறது. பால் தீப்பிடிக்காது. அதிலும் முக்கால்வாசி நேரம் பாதி லோடுதான். கை பழக அதுவே நல்லது என்று நினைக்கிறேன்" என்கிறார். மூன்று வருடமாகச் சர்க்கரை, இரண்டு மாத்திரை. எடை ஏறியிருக்கிறது, குறட்டையும் உண்டு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மனைவி சொல்கிறாராம். உடல்தகுதிச் சான்றுக்குப் போகும்போது இதையெல்லாம் வாயைத் திறந்து சொல்லிவிடாதே என்பது நண்பரின் அறிவுரை. பால் நிறுவனம், "அனுபவஸ்தர்தானே, முதல் நாளே தனியாக எடுங்கள்" என்றிருக்கிறது. அதை மரியாதையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். டேங்க் கழுவ உள்ளே இறங்குவதெல்லாம் அந்தக் காலத்திலேயே செய்ததுதான், ஏதாவது வாடை வந்தால் வெளியே வந்துவிடுவோம் என்றும் ஒரு வரி. மனைவிக்கு இதில் இஷ்டமே இல்லை. கடிதம் இப்படி முடிகிறது: "இந்த வயதில் கை திரும்புமா டாக்டர்? அதுதான் என் ஒரே பயம்."

கை திரும்பும். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. என் கவலை வேறு. வயது, சர்க்கரை, பெட்ரோல் என்று நீங்கள் பயப்படுகிற மூன்றையும் முறையாகச் செய்தால் சமாளித்துவிடலாம். குறட்டை, பாதி லோடு, டேங்குக்குள் இறங்குவது, முதல் நாளே தனியாகப் போவது என்று ஒவ்வொன்றையும் ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்களே, ஆளை அடிப்பவை அவைதான். உங்கள் பயப் பட்டியலை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டால் நீங்கள் தாராளமாக இந்த வேலைக்குத் திரும்பலாம் என்பது என் கருத்து. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கை வந்துவிடும், கவனம் பின்னால்தான் வரும்

ஒன்பது வருடம் உடம்பில் ஊறிய வேலை மறக்காது. கண்ணாடியைப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பது, வண்டியின் நீளத்தை மனதில் வைத்துத் திருப்புவது எல்லாம் சில வாரங்களில் தானாக வரும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கை சீக்கிரம் வந்துவிடுவதால் "பழையபடி ஆகிவிட்டேன்" என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். பக்கத்துப் பாதையில் வருபவன் இண்டிகேட்டர் போடாமல் உள்ளே நுழையப் போகிறான் என்று முன்கூட்டியே தோன்றும் அந்த உணர்வு மட்டும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. சாலையில் மறுபடி நேரம் செலவழித்தால்தான் வரும்.

வண்டியும் நீங்கள் விட்டுவந்த வண்டி இல்லை. தானே கியர் மாற்றும் பெட்டி, கவிழும் நிலை வந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் மின்னணு அமைப்பு, மேலே ஏறாமல் கீழிருந்தே நிரப்பும் இணைப்பு, அளவு எட்டியதும் பம்ப்பை நிறுத்தும் சென்சார், கேபினுக்குள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா என்று நிறைய வந்துவிட்டது. இவற்றில் பாதி உங்களுக்கு உதவும். ஆனால் கவிழாமல் காக்கும் அமைப்பை மட்டும் அளவுக்கு மீறி நம்பாதீர்கள். வளைவில் வேகம் எல்லை தாண்டிவிட்டால் எந்தக் கணினியாலும் வண்டியைப் பிடித்து நிறுத்த முடியாது.

காகித விஷயம் ஒன்று. கனரக உரிமம் செல்லுபடியாக இருப்பது வேறு, அபாயப் பொருள் ஏற்றிச் செல்லும் பயிற்சிச் சான்று செல்லுபடியாக இருப்பது வேறு. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஏடிஆர் உடன்படிக்கையில் அந்தச் சான்றுக்கு 5 வருடம்தான் ஆயுள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய சான்றை வைத்துக்கொண்டு எரிபொருள் வண்டியில் உட்கார முடியும் என்று எண்ண வேண்டாம். உங்கள் உரிம அலுவலகத்தில் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கண் பற்றி நீங்கள் எழுதவில்லை. 47 வயதில் படிப்பதற்குக் கண்ணாடி போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மேல்பாதியில் தூரம், கீழ்ப்பாதியில் படிப்பது என்று ஒரே கண்ணாடியில் இரண்டும் இருந்தால், அது அலுவலகத்துக்குச் சுகம், டேங்கர் ஏணிக்கு ஆபத்து. இறங்கும்போது குனிந்து படியைப் பார்ப்பீர்கள். படிக்கிற பகுதி வழியாகப் பார்ப்பதால் கடைசிப் படி மங்கலாகி, இருக்கிற இடத்தைவிட்டுத் தள்ளித் தெரியும். கணுக்காலும் முட்டியும் போவது அப்படித்தான். கண் மருத்துவரிடம் "ஏணி ஏறி இறங்குகிற வேலை, இரவில் ஓட்டுகிற வேலை" என்று சொல்லி, தூரத்துக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கேபினிலிருந்து இறங்கும்போது வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கையும் ஒரு காலும் அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிப்பில் இருக்கும்படி இறங்குங்கள். முப்பது வயதில் குதித்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

மனைவி சொன்ன அந்த ஒரு வரி

உங்கள் கடிதத்திலேயே மருத்துவ ரீதியாக மிக முக்கியமான தகவல் உங்கள் மனைவியுடையது. குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது, எடை, வயது, ஆண் என்பது: இவை எல்லாம் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்க வாய்ப்பு அதிகம். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி அடைபடும், மூளை பதறி ஒரு நொடி எழுப்பும், மறுபடி அடைபடும். இது மணிக்கு 5 முறைக்கு மேல் நடந்தால் நோய், 15-ஐ எட்டினால் மிதமானது, 30-ஐத் தாண்டினால் கடுமையானது என்று கணக்கு. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் உங்களுக்குத் தூக்கம் போதாமல் இருப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம். அலுவலகத்தில் மதியம் கண் சொக்கினால் ஒரு கணக்கு தப்பாகும். வண்டியில் அப்படி இல்லை.

தூக்கம் கெட்டவனின் மூளை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1997-ல் நேச்சர் இதழில் வெளியானது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதம். குடித்துவிட்டு ஓட்ட நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள். மூச்சுத் தடையோடு இரவு வண்டி ஓட்டுவதை மட்டும் ஏன் வேறு கணக்கில் வைக்கிறீர்கள்?

நண்பர் சொன்னபடி மறைத்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் முதல் நாள் ஒன்றும் ஆகாது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் தகுதிப் படிவத்தில் "தூக்கக் கோளாறு உண்டா?" என்ற கேள்விக்கு எதிரே "இல்லை" என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். விபத்து ஒன்று நடந்துவிட்டால் முதலில் வெளியே எடுக்கப்படும் காகிதம் அதுதான். தெரிந்தே பொய் சொன்னது பல நாடுகளில் குற்றம். காப்பீட்டுக்காரரும் அதையே பிடித்துக்கொள்வார். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோய் இருந்தும் சிகிச்சையைப் பின்பற்றாதவர்களுக்குத் தவிர்த்திருக்கக்கூடிய கடும் விபத்துகள் ஐந்து மடங்கு அதிகமாக இருந்தன. சிகிச்சையைப் பின்பற்றியவர்களுக்கு அந்த வித்தியாசம் இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி வாக்கியத்தை. இந்த நோய்க்குச் சிகிச்சை இருக்கிறது. இரவில் மூக்கில் மாட்டிக்கொள்ளும் காற்றழுத்தக் கருவி பலருக்குச் சில வாரங்களிலேயே பகல் தூக்கத்தைக் குறைத்துவிடுகிறது. கேபினில் வைத்து மின்கலத்தில் இயக்கக்கூடிய சிறிய கருவிகளும் உண்டு. எடை குறைந்தால் நோயும் குறையும். மறைத்தால்தான் இது உங்கள் வேலைக்கு எமன்.

ஒரு நடைமுறை யோசனை. நிறுவனம் அனுப்புகிற மருத்துவரிடம் முதலில் போகாதீர்கள். அவர் வேலை உங்களைத் தகுதி, தகுதியில்லை என்று எழுதித் தருவது. முதலில் உங்கள் சொந்த மருத்துவரிடம் போய்த் தூக்க ஆய்வு செய்துகொள்ளுங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள், நீங்கள் தூங்கும்போது நடப்பதைப் பார்த்த சாட்சி அவர்தான். நோய் இருந்தால் சிகிச்சையைத் தொடங்கி, கருவி பதிவுசெய்யும் பயன்பாட்டு அறிக்கையோடு தகுதிச் சோதனைக்குப் போங்கள். "நோய் இருக்கிறது, கட்டுப்பாட்டில் இருக்கிறது, இதோ ஆதாரம்" என்று வருகிறவரை வைத்துப் பேச மருத்துவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

சர்க்கரை: மாத்திரையின் பெயரைப் பாருங்கள்

நீங்கள் பயந்த அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. மாத்திரைகளின் பெயரை நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வருவது அபூர்வம். இரண்டாவது மாத்திரை கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகையாக இருந்தால் தாழ்நிலை வரலாம். வேளை தவறிச் சாப்பிடுகிற ஓட்டுநருக்கு இன்னும் சுலபமாக வரும். வேலை மாறப் போகிறது என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே சொன்னால், தாழ்நிலை வராத வகைக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார். அலுவலக வேலைக்கு எழுதிய சீட்டை அப்படியே வண்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அந்த வகை மாத்திரை தொடர்ந்தால், பிரிட்டனில் ஓட்டுநர்களுக்குச் சொல்லும் விதியைப் பின்பற்றலாம்: புறப்படும் முன்னும், நீண்ட ஓட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். அது 90-க்குக் கீழே (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். 70-க்குக் கீழே போனால் அது தாழ்நிலை. ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு இனிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை சரியான பிறகும் 45 நிமிடம் ஓட்டக்கூடாது. சர்க்கரை ஏறிய பிறகும் மூளை முழுதாகத் தெளிய அவ்வளவு நேரம் ஆகும்.

"பால்தானே, பாதி லோடுதானே"

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் இது. நீங்கள் ஓட்டியது அறை பிரித்த எரிபொருள் வண்டி. ஒவ்வோர் அறையையும் தனியாக நிரப்பலாம், தனியாகக் காலி செய்யலாம். பெரிய அறைகளுக்கு உள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகளும் இருக்கும். திரவம் முன்னும் பின்னும் ஓடுவதை அவை உடைத்துவிடும். பால் டேங்கர் பல இடங்களில் உள்ளே ஒன்றுமில்லாத வழுவழுப்பான ஒரே குழாய். காரணம் சுத்தம்: தகடுகளும் மூலைகளும் இருந்தால் கழுவ முடியாது, கிருமி தங்கும். ஆக, நீங்கள் சாது என்று நினைக்கிற வண்டியில், நீங்கள் இதுவரை பழகாத ஒரு பிரச்சினை முழு வீச்சில் இருக்கிறது.

பிரேக்கை மிதிக்கிறீர்கள். வண்டி வேகம் குறைகிறது, உள்ளே இருக்கும் பாலின் வேகம் குறையவில்லை. அது டேங்கின் நீளம் முழுக்க ஓடிவந்து முன்சுவரில் மோதுகிறது. பிறகு பின்னால் போய் மோதித் திரும்பி வருகிறது. சிக்னலில் வண்டி நின்றுவிட்டது என்று காலை எடுத்த பிறகு இரண்டாவது அலை வந்து தள்ளும். ஈரச் சாலையில் அந்தத் தள்ளலே வண்டியைக் கோட்டைத் தாண்டி நகர்த்திவிடும். அதனால் பிரேக்கைச் சீக்கிரமே தொடங்கி, ஒரே அழுத்தத்தில் பிடித்து, முழுதாக நின்ற பின்னும் சற்று நேரம் விடாமல் வைத்திருப்பதுதான் இந்த வண்டிக்கு உரிய கால்பழக்கம். அறை பிரித்த வண்டியில் உங்களுக்கு அந்தத் தேவை அவ்வளவு இருந்திருக்காது.

பக்கவாட்டு ஆட்டம் இன்னும் மோசம். தடுப்புத் தகடு இருக்கிற வண்டியிலும் அது முன்பின் ஓட்டத்தைத்தான் தடுக்கும், பக்கவாட்டை அல்ல. வளைவில் திரவம் வெளிப்பக்கச் சுவரில் ஏறி நிற்கும். ஏற்கெனவே உயரமாக இருக்கிற எடைமையம் வெளியே தள்ளப்படும். முழு லோடில் திரவத்துக்கு நகர இடம் கிடையாது, அதனால் ஆட்டமும் குறைவு. பாதி லோடில்தான் அது நினைத்தபடி ஆடும். எடை குறைவு என்பதால் பாதி லோடு சுலபம் என்று பெட்டி வண்டியை வைத்துச் சொல்லலாம், டேங்கரை வைத்துச் சொல்லக்கூடாது. பண்ணை பண்ணையாக நின்று பால் எடுக்கும் ஓட்டத்தில் இன்னொரு தொல்லை: ஒவ்வொரு நிறுத்தத்திலும் அளவு மாறும், வண்டியின் குணமும் மாறும். காலையில் கிளம்பிய வண்டியை நீங்கள் மதியம் ஓட்டிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

நெடுஞ்சாலையிலிருந்து வளைந்து இறங்கும் பாதைகளில் போட்டிருக்கும் வேக எண் கார்களை மனதில் வைத்துப் போட்டது. டேங்கருக்கு அது மிக அதிகம். வளைவுக்கு முன்பே வேகத்தை இறக்கிவிடுங்கள். வளைவுக்குள் போய்ப் பிரேக் பிடிக்காதீர்கள். இன்னொன்று, முழுக்கக் காலியான வண்டி சீக்கிரம் நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். பிரேக்கும் ஸ்பிரிங்கும் முழு எடைக்காகச் செய்தவை. எடை இல்லாதபோது டயருக்குப் பிடிப்பு குறைந்து சக்கரம் துள்ளிச் சறுக்கும்.

இவ்வளவும் சொன்னது பால் வேண்டாம் என்பதற்காக அல்ல. என்னைக் கேட்டால், முறையான பயிற்சி தருகிற எரிபொருள் நிறுவனம், "நாளைக்கே எடுங்கள்" என்கிற பால் நிறுவனத்தைவிட உங்களுக்குப் பத்திரம்.

மூக்கை நம்பி உள்ளே இறங்காதீர்கள்

"வாடை வந்தால் வெளியே வந்துவிடுவோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அந்தக் காலத்தில் செய்து தப்பியது உண்மைதான். ஆனால் ஆளைக் கொல்வதில் பலவற்றுக்கு வாடையே கிடையாது. சமையல் எண்ணெய் போன்றவை கெடாமல் இருக்க டேங்கில் நைட்ரஜன் நிரப்புவார்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை, மூச்சு முட்டும் உணர்வுகூட வராது. நாம் மூச்சுத் திணறலை உணர்வது கரியமில வாயு கூடும்போதுதான், ஆக்சிஜன் குறையும்போது அல்ல. சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன். 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்தான சூழல் என்று வைப்பது வழக்கம். நைட்ரஜன் நிறைந்த டேங்குக்குள் ஓரிரண்டு மூச்சில் நினைவு தப்பும்.

வாடை உள்ள வாயுவும் நம்பகமில்லை. கச்சா எண்ணெயிலும் கழிவு நீரிலும் வரும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குக் கூடியதும் மூக்கின் உணர்வை மரக்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நேரம்தான் அது அதிகமாக இருக்கிற நேரம்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 1986-ல் எச்சரித்த ஒரு விஷயத்தை உங்கள் நண்பரிடமும் சொல்லுங்கள்: மூடிய இடங்களில் நடக்கும் சாவுகளில் 60 சதவீதத்துக்கும் மேல், உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்களுடையது. வாயு அளக்கும் கருவி, காற்றோட்டம், வெளியே ஆள், இடுப்பில் கயிறு, எழுத்தில் அனுமதி இவை இல்லாமல் தலையைக்கூட மேன்ஹோலுக்குள் நீட்டாதீர்கள். ஒருவர் உள்ளே விழுந்தால் நீங்கள் இறங்காமல் உதவிக்குக் கூப்பிடுவதுதான் சரி. செய்வது கடினம் என்று தெரியும், அதனால்தான் முன்கூட்டியே மனதில் முடிவு செய்துவிட வேண்டும்.

எரிபொருள் பக்கம் போனால் இதே கதையின் இன்னொரு முகம். பெட்ரோல் நிறைந்த அறையைவிட, பெட்ரோல் இறக்கிய அறை வெடிக்கத் தயாராக இருக்கும். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் பற்றும்; காலி டேங்கில் அந்தக் கலவை சுலபமாக அமையும். முன்பு பெட்ரோல் இருந்த அறையில் டீசல் ஏற்றும்போது தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு: மிச்சமிருந்த ஆவி ஒருபக்கம், டீசல் பாய்வதில் உண்டாகும் நிலைமின்சாரம் மறுபக்கம். ஹோஸை மாட்டும் முன் தரையிணைப்பு ஒயரை மாட்டுவது சடங்கு அல்ல என்பதை ஒன்பது வருடம் செய்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான் என்பதால் சொல்கிறேன்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியது

"முதல் நாளே தனியாக எடுங்கள்" என்பது உங்களுக்குக் கொடுத்த மரியாதை இல்லை. ஆள் தட்டுப்பாட்டில் அவர்கள் மிச்சம் பிடிக்கிற செலவு. கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேளுங்கள். பழைய ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வாரம் வருவார்? எந்த வகை டேங்க், தடுப்பு உண்டா? டேங்க் கழுவுவது யார் வேலை? இறக்க நேரமாகும்போது காத்திருக்கும் நேரம் ஓய்வாகக் கணக்காகிறதா, வேலையாகவா? கூலி நடைக்கா, நேரத்துக்கா? நடைக்குக் கூலி என்றால் தூக்கத்தைத் தின்றுதான் சம்பாதிக்க வேண்டியிருக்கும். உங்கள் உடம்புக்கு அது ஒத்துவராது.

வேலை நேரத்துக்கு உங்கள் நாட்டுச் சட்டம் எதுவாக இருந்தாலும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1979-ல் ஓட்டுநர்களுக்கு வகுத்த உடன்படிக்கையை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: இடைவெளியில்லாமல் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, 24 மணி நேரத்தில் தொடர்ந்து 10 மணி ஓய்வு. எல்லா நாடும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் நிறுவனம் சொல்லும் அட்டவணை இதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தாலே அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துவிடும். அதிகாலை 2 முதல் 6 வரை உடம்பு தானாகத் தாழும் நேரம். முதல் சில மாதம் அந்த நேரத்து ஓட்டம் வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள்.

"இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்" என்று ஒரு நாள் யாராவது சொல்வார்கள். வெப்பத்தில் திரவம் விரியும் என்பதால் மேலே விடுகிற வெற்றிடம் வீண் இடம் அல்ல. 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினில் லோஸ் அல்ஃபாக்கெஸ் சுற்றுலா முகாமருகே வெடித்த புரோப்பிலீன் (திரவமாக்கிய எரிவாயு) டேங்கர் அளவுக்கு மீறி நிரப்பப்பட்டிருந்தது. 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உடனடியான பேராபத்து என்று நியாயமாகத் தோன்றும்போது வேலையிலிருந்து விலகி நிற்பவரைத் தண்டிக்கக்கூடாது என்று அதே தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு எந்த வடிவில் இருக்கிறது என்று ஒரு தொழிற்சங்கத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுக்கும்போது வாயால் மட்டும் சொல்லாமல் ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பிவிடுங்கள்.

உடம்பைத் தயார்படுத்துவது பற்றிச் சுருக்கமாக: பன்னிரண்டு வருடம் நாற்காலியில் இருந்த இடுப்பு, நிறைந்த ஹோஸைத் தூக்கத் தயாராக இல்லை. தினமும் நடை, படி ஏறுவது, எடை தூக்கும் பயிற்சி என்று இப்போதே தொடங்குங்கள். நீண்ட ஓட்டம் முடிந்து இறங்கியதும் ஹோஸைத் தூக்காதீர்கள். அதிர்விலேயே உட்கார்ந்திருந்த முதுகுத் தட்டு அப்போதுதான் பிசகும். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து வால்வுகளைப் பார்த்துவிட்டுப் பிறகு தொடுங்கள். சளி மாத்திரை எதையும் "தூக்கம் வருமா?" என்று கேட்காமல் விழுங்க வேண்டாம்.

மனைவிக்கு இஷ்டமில்லை என்பது

அவர் மறுப்பதை நீங்கள் "பயப்படுகிறாள்" என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டீர்கள். நான் படித்த வரையில் அவர் பொதுவாகப் பயப்படவில்லை. தூக்கத்தில் மூச்சு நிற்கிற மனிதர் இரவில் வண்டி எடுக்கப் போகிறாரே என்று குறிப்பாகச் சொல்கிறார். குறிப்பான கவலைக்குக் குறிப்பாகப் பதில் சொல்லலாம். தூக்க ஆய்வு முடிவு, சிகிச்சை, இரவு ஓட்டம் எத்தனை நாள், வாரத்தில் எந்த நாள் வீட்டில் என்பதை அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் கேட்கிற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நிறுவனத்துக்கும் இந்த வாரம் தேதி எதுவும் கொடுக்காதீர்கள். "மருத்துவச் சோதனை முடிந்ததும் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அலுவலகத்தில் ஆட்குறைப்புக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்க ஆய்வும் மாத்திரை மாற்றமும் அந்த வேலையில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். ஆய்வு முடிவு வந்ததும் மணிக்கு எத்தனை என்ற அந்த எண்ணையும் மாத்திரைகளின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். மிச்சத்தை அப்போது பேசுவோம்.